கரும்பு உர மூட்டையைப் பழமரத்தடியில் கொட்ட வேண்டாம்: மொரிஷியஸ் பழத்தோட்டக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உறுப்பினர்களுக்காக உரம் மொத்தமாக வாங்கும் பட்டியலை நீங்கள் தயாரிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. அதில் கையெழுத்திடுவதற்கு முன்பு ஒன்றை மறுபடி எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். கரும்புக்கு வாங்கும் அதே மூட்டையை, கரும்புக்குப் போடும் அதே நாள்களில், லிச்சிக்கும் மாமரத்துக்கும் எலுமிச்சைக்கும் போடும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். அதனால் பணம் வீணாகிறது என்பது என் கவலையில் சிறு பகுதிதான். மரம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலை அந்த வழக்கம் குறைத்துவிடுகிறது. அப்படிக் குறைந்ததை ஈடுகட்ட நாம் மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொள்கிறோம். இதுதான் என்னை எழுத வைத்தது.

நம் கூட்டங்கள் கிரியோலில் நடக்கின்றன, குறிப்புகள் பிரெஞ்சில் எழுதப்படுகின்றன. ஆயினும் இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. நைட்ரஜனைத் தமிழ் வேளாண் இதழ்கள் தழைச்சத்து என்று எழுதுகின்றன. பாஸ்பரஸை மணிச்சத்து என்கின்றன. தழைச்சத்து என்ற சொல்லைக் கேட்டவுடனேயே அது எதை வளர்க்கும் என்பது விளங்கிவிடுகிறது. கரும்பில் நாம் விற்பது தண்டை. அதற்குத் தழையும் தண்டும் பெருத்தால் போதும், பூப்பது நமக்குத் தேவையுமில்லை. பழமரத்தில் நாம் விற்பது பூவிலிருந்து வருவதை. இந்த ஒரு வேறுபாட்டை எங்கள் குடும்பமே நெடுங்காலம் உணரவில்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே எழுத வேண்டும்.

ரிவியேர் து ராம்பார் மாவட்டத்தில் என் தந்தையார் கரும்பு வைத்திருந்த 2 ஆர்ப்பான் (ஓர் ஆர்ப்பான் ஏறத்தாழ ஓர் ஏக்கர்) நிலத்தில், கரும்பு கட்டுப்படியாகாமல் போனபின், லிச்சியும் மேசோன் ரூஜ், ஜோசே வகை மாமரங்களும் நட்டோம். பயிர் மாறியது, கைப்பழக்கம் மாறவில்லை. ஒரு மே மாதத்தில், மிஞ்சியிருந்த யூரியாவை வீணாக்க மனமின்றிச் சாலையோரத்து மரங்களுக்கு மட்டும் போட்டேன். உரம் வாங்கிய கடையில், இலை கருகருவென்று இருந்தால்தான் காய்ப்பு நன்றாக இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். நானும் அதை நம்பினேன். ஜூலையில் உள்ளே இருந்த லிச்சி மரங்கள் பூங்கொத்து நீட்டின. சாலையோரத்து மரங்களோ செம்பழுப்புக் கொழுந்து விட்டன. அவற்றை ஒட்டியிருந்த மாமரங்களில் அந்த ஆண்டு முழுவதும் இளந்துளிர் ஓயவில்லை; துளிரில் செதில்பூச்சி, செதில்பூச்சி வடித்த தேன்கழிவின்மேல் கரும்பூசணம், அதற்கு மூன்று முறை மருந்து. காய்த்த கொஞ்சம் காயிலும் கரும்புள்ளி விழுந்தது. ஒரே மண், ஒரே மழை, ஒரே வகை மரம். உரம் ஒன்றுதான் வேறு. அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

படித்ததில் முதலில் மனத்தில் பதிந்தது, மரத்தின் உள்ளே நடக்கும் பங்கீடு. இலை வெயிலைக் கொண்டு சர்க்கரையைச் செய்கிறது. வேரிலிருந்து நைட்ரஜன் தாராளமாக வந்தால், அந்தச் சர்க்கரையிலுள்ள கரி (கார்பன்) அமினோ அமிலமாகவும் புரதமாகவும் மாறிப் புதுத் துளிருக்குப் போய்ச் சேர்கிறது. நைட்ரஜன் அளவாக வந்தால் துளிர் விடுவது நிதானப்படுகிறது. ஆனால் சர்க்கரை செய்வது அந்த அளவுக்குக் குறைவதில்லை. அப்போது மிஞ்சும் கரிதான் துவர்ப்புப் பொருளான டானினாகவும், பிற ஃபீனால் சேர்மங்களாகவும், செல்சுவரைக் கெட்டிப்படுத்தும் லிக்னினாகவும் சேமிக்கப்படுகிறது. மாம்பிஞ்சைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பும், காய் பறிக்கும்போது கையைப் பொசுக்கும் பாலும் நமக்குத் தொல்லையாகத் தோன்றினாலும் மரத்துக்கு அவை வேலியும் காவலும் ஆகும். மாங்காய்த் தோலில் ஓடும் பிசின் குழாய்கள் பழ ஈயின் முட்டைக்கும் புழுவுக்கும் எதிரான அரண் என்று 1980-இலேயே இஸ்ரேலில் காட்டப்பட்டிருக்கிறது. பச்சைக் காயின் தோலில் இருக்கும் ரிசார்சினால் வகைச் சேர்மங்கள் ஆந்த்ராக்னோஸ் பூசணத்தை உறங்க வைக்கின்றன. காய் பழுக்கப் பழுக்க அவை குறையும்போதுதான், பிஞ்சிலேயே நுழைந்து காத்திருந்த அந்தப் பூசணம் கரும்புள்ளியாக வெளிப்படுகிறது.

இந்தப் பங்கீட்டில் ஓர் இடம் என்னை மிகவும் ஈர்த்தது. ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் செடிக்குள் ஒரு முச்சந்தியில் நிற்கிறது. ஒரு வழியில் போனால் அது புரதமாகி வளர்ச்சிக்கு உதவும். இன்னொரு வழியில் போனால் டானினும் லிக்னினும் பிற ஃபீனால்களும் அதிலிருந்து பிறக்கும். இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றே. ஆகையால் மரம் வளர்ச்சியில் மும்முரமாக இருக்கும் நாள்களில் காவலுக்குப் போகும் பங்கு சுருங்குகிறது. வளர்வதற்கும் தன்னைக் காப்பதற்கும் இடையே செடிக்கு இருக்கும் இந்த இழுபறியை ஹெர்ம்ஸ், மாட்சன் என்ற இருவர் 1992-இல் விரிவாக எழுதினார்கள். அதற்கு முன் 1983-இல் பிரையன்ட், சாபின், கிளைன் மூவரும், வடகோடிக் காடுகளில் விலங்குகள் எந்தச் செடியை மேய்கின்றன, எதை ஒதுக்குகின்றன என்பதிலிருந்து கரிக்கும் சத்துக்கும் இடையிலான சமநிலை பற்றிய கருத்தை முன்வைத்தார்கள். இக்கருத்துகள் எல்லாச் சேர்மத்துக்கும் எல்லாச் செடிக்கும் அப்படியே பொருந்துவதில்லை என்ற மறுப்பும் அறிவியலாளரிடையே உண்டு. நைட்ரஜனையே உள்ளடக்கிய காப்புப் பொருள்களும் இருக்கின்றன. நோய் தாக்கிய பிறகு மரம் அவசரமாகத் தயாரிக்கும் நொதிகளும் புரதங்களே. பட்டினி போட்டால் மரம் வலுப்பெறும் என்று நான் சொல்லவில்லை. வெளிறிய இலையோடு, அளவுக்கு மீறிக் காய்த்துக் களைத்து நிற்கும் மரமும் நோய்க்கு இரையாகும்.

ஆனால் பழமரங்களில் நேரடியாகச் செய்யப்பட்ட ஆய்வுகள் ஒரே பக்கம் நோக்கி விரல் நீட்டுகின்றன. 2005-இல் ஜெர்மனியில் லெசர், டிராய்ட்டர் இருவரும் ஆப்பிள் கன்றுகளுக்கு வெவ்வேறு அளவில் நைட்ரஜன் கொடுத்துப் பார்த்தார்கள். சத்து மிகுந்தபோது கிளை வளர்ச்சி கூடியது, இலையில் ஃபீனால் சேர்மங்கள் குறைந்தன, கறைநோய்க்கு எதிரான தாங்குதிறனும் குறைந்தது. கலிஃபோர்னியாவில் நெக்டரின் (பீச் வகைப் பழம்) தோட்டத்தில் நடந்து 1995-இல் வெளியான ஆய்வு நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. தேவைக்கு மேல் போட்ட நைட்ரஜன் அங்கே விளைச்சலைக் கூட்டவில்லை. பழுப்பழுகல் நோயையும் கிளைத்துளைப்பானையும்தான் கூட்டியது. பேரி மரத்தில் நைட்ரஜன் மிகுந்தபோது சாறு உறிஞ்சும் சைலிட் பூச்சி பெருகியதும் பதிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஹாஸ் அவகாடோவை வேறு வேறு வேர்ச்செடிகளில் ஒட்டிப் பார்த்தபோது, நைட்ரஜன் குறைவாகவும் கால்சியம் மிகுதியாகவும் கொண்ட மரங்களின் பழத்தில் ஆந்த்ராக்னோஸ் குறைவாக இருந்தது; அவற்றின் இலையில் பூசணத்தை எதிர்க்கும் இயற்கைச் சேர்மமும் கூடுதலாக இருந்தது. மாம்பழத்தின் நுனி உள்ளேயே கூழாகிப்போகும் குறையை நாம் வகையின் குற்றம் என்று ஒதுக்கிவிடுகிறோம். மிகுந்த நைட்ரஜனுக்கும் குறைந்த கால்சியத்துக்கும் அதில் பங்கு இருப்பதை ஃபுளோரிடாவில் 1961-இலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

ஆப்பிளும் நெக்டரினும் குளிர்நாட்டு மரங்களாயிற்றே, நம் தீவுக்கு அவை எப்படிப் பொருந்தும் என்று யாரேனும் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். நம்மிடம் உள்ள மரங்களிலேயே அதற்கு விடை இருக்கிறது. எலுமிச்சைக் குடும்ப மரங்களைக் கொல்லும் கிரீனிங் நோய் நம் தீவிலும் அண்டைத் தீவான ரீயூனியனிலும் உண்டு. அதைப் பரப்பும் ஆசியச் சைலிட் பூச்சி முற்றிய இலையில் முட்டையிடுவதில்லை. விரியாத இளங்கொழுந்தைத் தேடித்தான் இடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஒன்றாகத் துளிர்த்து ஒன்றாக முற்றும் மரத்தில் அப்பூச்சிக்கு இடையிடையே பஞ்ச காலம் வருகிறது. மாதந்தோறும் ஒரு கிளையாவது கொழுந்தோடு நிற்கும்படி நாம் யூரியா ஊட்டிய மரத்தில் அந்தப் பஞ்சம் வருவதே இல்லை. 1978-இல் ரீயூனியனுக்கு இந்தியாவிலிருந்து டமாரிக்சியா என்ற சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது சைலிட் குஞ்சின் உடலில் முட்டையிட்டு அதை அழிக்கும். உயிரியல் முறையில் ஒரு பூச்சியை அடக்கியதற்கு உலகமெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் வெற்றி அது. நாமோ முதலில் உரத்தால் பூச்சிக்கு விருந்து வைக்கிறோம். பிறகு மருந்தடித்து அந்தக் குளவியையும் சேர்த்துக் கொல்கிறோம்.

மாமரத்திலும் இதே கதைதான். ரீயூனியனில் மாம்பூவைக் கெடுக்கும் சிற்றீ பூங்கொத்தில் மட்டுமன்றி இளந்துளிரிலும் பெருகக்கூடியது என்பது தெரிந்த செய்தி. பூக்காலம் முடிந்த பின்னும் துளிர் தொடர்ந்து கிடைத்தால், அடுத்த பூக்காலம் வரை அதற்கு நாமே சோறு போட்டு வைத்தது போலாகும். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குப் பொதுவாகவே சர்க்கரைக்குக் குறைவில்லை. அவற்றுக்கு அரிதாகக் கிடைப்பது அமினோ அமிலம். மிகுந்த உரம் மரத்தின் சாற்றில் அந்த அரிய உணவைக் கூட்டிவிடுகிறது. இவற்றோடு அடர்ந்த தழையால் வரும் கேட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்று புகாத கவிப்புக்குள் காலைப் பனி காய நேரமாகிறது. ஆந்த்ராக்னோஸ் பூசணத்தின் வித்து முளைக்க அந்த ஈரம்தான் தேவை.

இனி மூட்டைக்கு வருகிறேன். நம் தோட்டங்களில் புழங்கும் 13:13:20:2 கலப்பு உரத்தின் (முதல் எண் நைட்ரஜனின் விழுக்காடு) 50 கிலோ மூட்டையில் 6.5 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. அதே எடை யூரியாவில் 23 கிலோ இருக்கிறது. மரம் நமக்குத் தரும் பழத்தோடு வெளியேறும் நைட்ரஜனோ மிகச் சிறிது. மாம்பழச் சதையிலும் லிச்சிச் சதையிலும் 100 கிராமுக்கு 0.8 கிராம் அளவே புரதம்; அக்கணக்கில் 100 கிலோ சதையில் 130 கிராம் நைட்ரஜன்தான் போகிறது. தோலையும் விதையையும் சேர்த்தாலும் 100 கிலோ பழத்துக்கு அது அரைக் கிலோவைத் தாண்டாது. இலை உதிர்ந்து மரத்தடியிலேயே மக்கினால் அதிலுள்ள சத்தும் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். மழையில் கரைந்து போவதற்கும் புதுக்கிளை வளர்வதற்கும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டாலும், கைநிறைய அள்ளி வீசும் நம் பழக்கத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. கோழி எருவுக்கும் இது பொருந்தும் என்பதை, இரசாயனம் தொடாதவர்கள் என்று பெருமைப்படும் உறுப்பினர்களுக்கு வருத்தம் வராதபடி சொல்லிவைக்க விரும்புகிறேன்: மரத்தின் வேருக்கு நைட்ரஜன் எந்தக் கோணியிலிருந்து வந்தது என்பது தெரியாது. மேலும் எருவிலுள்ளது மெல்ல மெல்ல விடுபடுவதால், நாம் வேண்டாம் என்று நினைக்கும் மாதத்திலும் அது கிடைத்துக்கொண்டே இருக்கும்.

அளவை விடவும் நாள்தான் முக்கியம் என்பது என் அனுபவம். நம் கரும்பு அறுவடை ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. வெட்டிய கட்டைக்கு உடனே உரம் போடுகிறோம். ஜூன், ஜூலையில் கரும்பு வெட்டியவர் மிஞ்சியதை லிச்சிக்குப் போட்டால், குளிரிலும் வறட்சியிலும் அடங்கி மொட்டு விடத் தயாராகும் மரத்தைத் தட்டி எழுப்பித் துளிர்விடச் செய்கிறார். அக்டோபர், நவம்பரில் வெட்டியவர் போட்டால், பழம் பருத்து நிறம் ஏறும் வேளையில் மரத்தின் கவனத்தை இலைக்குத் திருப்புகிறார். தோல் மென்மையாகிறது, நிறம் ஏறத் தாமதமாகிறது, பறித்த பழம் நாள்பட நிற்பதில்லை. கரும்பின் நாள்காட்டி தன்னளவில் சரியானதுதான். அதைப் பக்கத்து வயல் பழமரத்துக்கும் மாட்டிவிட்டதில்தான் பிழை. இத்தீவின் லிச்சிக்கு உலகில் நற்பெயர் உண்டு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1876-இல் லிச்சி போனது இங்கிருந்துதான், அங்கும் இஸ்ரேலிலும் தை சோ வகையை இன்றும் மொரிஷியஸ் என்ற பெயராலேயே அழைக்கிறார்கள். அப்படிப்பட்ட மரத்தை அதன் பருவமறிந்து வளர்க்காமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

எனவே நான் கேட்பது இதுதான். உரப் பட்டியலில் பழமரத்துக்குத் தனிப் பகுதி ஒதுக்குங்கள். முக்கியப் பங்கு நைட்ரஜன் அறுவடையும் கவாத்தும் முடிந்தவுடன், சனவரி, பிப்ரவரியில் போய்ச் சேரட்டும். புயல்மழை அடித்துக்கொண்டு போகாதபடி அதை இரண்டு மூன்று தவணையாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். மார்ச் மாதம் தொடங்கிப் பூங்கொத்து கண்ணுக்குத் தெரியும் வரை யாரும் நைட்ரஜன் தொடக் கூடாது. பிஞ்சு பிடித்தபின், காய்ப்பைப் பார்த்துச் சிறு அளவு கொடுக்கலாம். காய்க்காத மரத்துக்கு அதுவும் வேண்டாம். அமிலம் ஏறிய மண்ணில் சுண்ணாம்பு இடுவதற்கும் இதே பட்டியலில் இடம் கொடுங்கள். பழத்தோலின் உறுதி நைட்ரஜனையும் கால்சியத்தையும் சேர்த்தே சார்ந்திருக்கிறது.

இதைவிடவும் நான் வற்புறுத்திக் கேட்பது இலைப் பரிசோதனை. இலையின் பச்சையைக் கண்ணால் பார்த்து மரத்தின் நலத்தை முடிவு செய்வதை நாம் நிறுத்த வேண்டும், ஏனெனில் நம் கண் கருமையைத்தான் செழிப்பு என்று பழகியிருக்கிறது. ஆஸ்திரேலிய லிச்சித் தோட்டங்களில், பூங்கொத்து வெளிவந்தபின் எடுக்கும் இலையில் 1.5 முதல் 1.8 விழுக்காடு நைட்ரஜன் இருந்தால் போதுமானது என்று கொள்கிறார்கள். மாமரத்துக்கு 1.0 முதல் 1.5 வரை என்பது பொதுவான வரம்பு. ஆரஞ்சுக்கு அது 2.5 அளவில் இருக்கும். ஒவ்வொருவரும் தனித்தனியே பரிசோதனைக்குப் பணம் கட்ட முடியாது என்பதை அறிவேன். ஆனால் ஒரே ஊரில், ஒரே மண்ணில், ஒரே வயது மரங்கள் வைத்திருக்கும் நான்கைந்து பேரின் இலைகளைச் சேர்த்து ஒரு மாதிரியாக அனுப்பினால் செலவு பகிர்ந்துபோகும். தீவின் மேற்குக் கரையில் பெய்யும் மழைக்கும் நடு மேட்டுநிலத்தில் பெய்யும் மழைக்கும் பல மடங்கு வேறுபாடு இருப்பதால், மேற்குக் கரைத் தோட்டத்துக்கு வகுத்த அளவு மேட்டுநில ஊரான கூர்ப்பீப்புக்குப் பொருந்தாது. ஆகவே பகுதிக்கொரு மாதிரி தேவை.

மருந்துக்கும் உரத்துக்கும் நாம் தனித்தனிக் குறிப்பேடு வைத்திருக்கிறோம். ஓர் உறுப்பினர் பூச்சிமருந்து கேட்டு வரும்போது, அவர் கடைசியாக எப்போது, எவ்வளவு நைட்ரஜன் போட்டார் என்று ஒரு வரி கேட்டுப் பதியும் பழக்கத்தைச் சங்க அலுவலகம் தொடங்கினால், ஓரிரு ஆண்டுகளிலேயே நம் தீவின் தோட்டங்களைப் பற்றி நமக்கே சொந்தமான அறிவு சேரும். 2015-இலும் 2016-இலும் அரசு பழந்தின்னி வௌவால்களைக் கொன்றபோது நம் கூட்டங்களில் எவ்வளவு நேரம் வாதாடினோம் என்பது நினைவிருக்கிறது. உர மூட்டையைப் பற்றி ஒரு கூட்டத்திலும் அரை மணி நேரம் பேசியதில்லை. வௌவால் மரத்துக்கு வெளியிலிருந்து வருவதால் நம் கண்ணில் படுகிறது. உரம் நம் கையாலேயே போவதால் கண்ணில் படவில்லை.

என் சொல்லை மட்டும் நம்பி எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு உறுப்பினரும் தம் தோட்டத்தில் ஐந்து மரங்களைக் குறித்துவைத்து, மார்ச் முதல் பூங்கொத்து தெரியும் வரை அவற்றுக்கு நைட்ரஜன் போடாமல், மற்ற மரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்: எத்தனை கிளை பூத்தது, எத்தனை முறை மருந்தடிக்க நேர்ந்தது, பறித்த பழம் கூடையில் எத்தனை நாள் தாங்கியது என்ற மூன்றை மட்டும் எழுதினால் போதும். என் தோட்டத்தில் 12 லிச்சி மரங்களும் 4 ஜோசே மரங்களும் இந்த முறையில் மூன்றாவது ஆண்டாக இருக்கின்றன. ஆகஸ்டில் அவை பூத்திருக்கும்போதும், டிசம்பரில் பறிப்பதற்கு முன்பும், எந்தச் சங்கத்தவரும் வந்து என் குறிப்பேட்டையும் மரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வரும்போது உங்கள் தோட்டத்து இலையில் பத்துப் பதினைந்தைக் காகிதப் பையில் கொண்டுவாருங்கள். பரிசோதனைக்கு எந்த இலையை எந்தக் கிளையில் எடுக்க வேண்டும் என்பதை மரத்தடியிலேயே நின்று காட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
ரிவியேர் து ராம்பார் மாவட்டத்துச் சிறு பழத்தோட்டக்காரர் ஒருவர்